செக்கா, பலகாரமா, மிளகாய்ப் பொடியா, தென்னை நாரா? செட்டிநாட்டு ஊரில் தொழில் தொடங்குமுன் ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரில் பன்னிரண்டு வருடம் உழைத்துவிட்டுக் கல்லல் பக்கம் ஊர் திரும்பிய ஒருவர். திருப்பூர் வேலையை விட்டு வந்த ஒரு கணவன் மனைவி. தேவகோட்டை அருகே நாலு ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. இவர்கள் எல்லோரும் இந்த ஆண்டு என்னிடம் கேட்டது ஒன்றைத்தான். "கையில் பத்து, இருபது லட்சம் இருக்கிறது, ஊரிலேயே ஒரு தொழில் போடணும், எதைப் போடலாம்?" பேச்சு போகப் போக நாலு தொழிலில் வந்து நிற்கும்: மரச்செக்கு எண்ணெய், பலகாரம், மிளகாய் மசாலாப் பொடி, தென்னை நார்.

சிறுதொழில்களுக்கு வங்கிக்கான திட்ட அறிக்கை எழுதித் தருவது என் வேலை. காரைக்குடியில் இருக்கிறேன். பல வருடம் என் அறிக்கைகள் எல்லாம் இங்கே என்ன விளைகிறது, அதை என்ன செய்யலாம் என்றே தொடங்கும். ஆட்களைப் பற்றி ஒரு வரிதான் இருக்கும்: "தேவையான ஆட்கள் உள்ளூரில் கிடைப்பார்கள்." பூட்டிக் கிடக்கும் கொட்டகைகளைப் பின்னால் போய் விசாரித்தபோது, பெரும்பாலானவை அந்த ஒரு வரியில்தான் முடங்கியிருந்தன. சரக்கை லாரியில் கொண்டுவந்துவிடலாம். புதுவயல் அரிசி ஆலைகளுக்கு வெளிமாவட்ட நெல்லும் வருகிறது, ஆலை ஓடுகிறது. ஆள் அப்படி வந்து இறங்குவதில்லை. அதனால் இந்த ஒப்பீட்டில் ஆளை முதலில் வைக்கிறேன், விளைச்சலை அதற்கு அடுத்து.

## எதை வைத்து எடை போடுவது

ஆளும் நேரமும். 2011 கணக்கெடுப்பின்படி சிவகங்கை மாவட்டத்தில் 13.39 லட்சம் பேர், ஆயிரம் ஆண்களுக்கு 1,003 பெண்கள். ஒரு வேலைநாளில் பகல் பதினொரு மணிக்கு ஊருக்குள் நடந்து பாருங்கள். உழைக்கும் வயது ஆண்களில் பலர் சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பார்கள். படித்த பெண்பிள்ளைகள் காலையிலேயே மில் வேனிலும், ஜவுளிக் கடைகளுக்குப் போகும் பேருந்திலும் ஏறியிருப்பார்கள். ஊரில் இருப்பது பெரும்பாலும் முப்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள். உங்கள் தொழிலுக்கு வரப்போகிறவர்கள் அவர்கள்தான்.

பலகாரக் கொட்டகைக்கு ஆள் கேட்டு ஒரு நண்பருடன் ஒரு ஊருக்குப் போயிருந்தேன். கூலியைச் சொல்லி முடித்ததும் ஓர் அக்கா கேட்டார்: "கூலி இருக்கட்டும் தம்பி. நாலு மணிக்குப் பிள்ளைக வந்துருங்க. அதுக்கு முந்தி விட்டுருவீகளா?" நண்பர் காலை எட்டு முதல் மாலை ஆறு வரை என்று திட்டம் போட்டிருந்தார். அந்தத் தெருவிலிருந்து ஒருவரும் வரவில்லை. பத்து நாள் கழித்து ஒன்பது முதல் மூன்றரை வரை என்று மாற்றினார். கூலியில் கொஞ்சம் குறைத்தும் ஏழு பேர் வந்தார்கள்.

மாதக் கணக்கு. இங்கே ஆண்டு மழை சுமார் 900 மி.மீ., அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில் விழுகிறது. கண்மாய் பெருகினால் ஒரு போக நெல். ஆவணி, புரட்டாசியில் புழுதி விதைப்பு, ஐப்பசி, கார்த்திகையில் களை, தை, மாசியில் அறுப்பு. அறுப்பை இயந்திரம் எடுத்துக்கொண்டது. களை இன்னும் பெண்கள் கையில்தான் இருக்கிறது. பங்குனியிலிருந்து ஆடி வரை வயலில் வேலை குறைவு. உங்களுக்கு ஆள் அதிகம் தேவைப்படும் மாதம் இதில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நூறு நாள் வேலை நடக்கும் வாரங்களையும் அதே தாளில் எழுதுங்கள்.

சரக்கில் முடங்கும் பணம். விளைபொருள் வருடத்தில் இரண்டு மூன்று மாதம்தான் நல்ல விலையில், நல்ல தரத்தில் வரும். அதை வாங்கி வைக்க எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டியே போட்டுப் பார்க்க வேண்டும்.

தண்ணீர். ஊரின் ஆழ்துளைக் கிணறு கோடையில் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள்.

இடத்தின் பத்திரம். செட்டிநாட்டில் இதைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். "பூர்வீக வீட்டில் இரண்டாம் கட்டும் அடுப்படியும் சும்மாத்தானே கிடக்கு, அங்கேயே போட்டுரலாம்" என்று பலர் தொடங்குகிறார்கள். அந்த வீட்டுக்குப் பங்காளிகள் பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள், ஒருவர் சென்னையில், இன்னொருவர் மலேசியாவில். வங்கி வாடகை ஒப்பந்தம் கேட்கும், எல்லோர் கையெழுத்தும் வேண்டும். ஒரே ஒரு கையெழுத்துக்காக ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். வாடகை இல்லை என்று நினைத்த இடம், அந்தக் காத்திருப்பில் வாடகையைவிட அதிகம் தின்றுவிட்டது.

## ஒரு பார்வையில்

| | செக்கு எண்ணெய் | பலகாரம் | மிளகாய், மசாலாப் பொடி | தென்னை நார் |
|---|---|---|---|---|
| தேவைப்படும் ஆள் | 1–2 பேர் | 6–10 பேர், கைப்பக்குவம் உள்ளவர்கள் | ஆலைக்கு 2 பேர், காம்பு கிள்ளப் பலர் | உடல்வலு உள்ள ஆட்கள், தொடர்ந்து |
| நெரிசலான மாதம் | கடலை வாங்கும் சித்திரை, வைகாசி | தீபாவளிக்கு முந்தைய மாதம், திருமண மாதங்கள் | மாசி முதல் சித்திரை வரை | வருடம் முழுக்க, மழையில் தொய்வு |
| முடங்கும் பணம் | மிக அதிகம் | குறைவு | அதிகம் | இயந்திரத்திலும் களத்திலும் |
| தண்ணீர் | இல்லை என்றே சொல்லலாம் | கொஞ்சம் | கொஞ்சம் | நார்த்தூள் கழுவினால் மிக அதிகம் |
| எங்கே அடி விழும் | ஈரக் கடலை, பூஞ்சாணம் | கைதேர்ந்தவர் ஒருவர் நின்றுவிடுவது | நிறம் மங்குவது, பெரிய நிறுவனங்களின் விலை | தேங்காய் மட்டை விலை, ஏற்றுமதித் தேவை |

## மரச்செக்கு எண்ணெய்

நான்கிலும் ஆள் பிரச்சினை குறைந்தது இதுதான். ஒருவரே இரண்டு செக்கைப் பார்த்துக்கொள்ளலாம். சிங்கம்புணரி, எஸ்.புதூர் பக்கம் கடலை விளைகிறது, எள்ளும் தேங்காயும் சுற்றுவட்டாரத்தில் கிடைக்கும். இடமும் அதிகம் வேண்டாம். அதனால்தான் எல்லோரும் முதலில் இதைச் சொல்கிறார்கள்.

இயந்திர விலையை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு மரச்செக்கில் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். நாளைக்கு 50 கிலோ ஆட்டினால் 20 லிட்டர். மாதம் 25 நாள் ஓட்டினால் 1,250 கிலோ, ஆறு மாதத்துக்கு 7,500 கிலோ. பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒன்பது லட்சம். செக்கு, கொட்டகை, மின் இணைப்பு எல்லாம் முடித்து மூன்று லட்சம் கையில் மிச்சம் வைத்திருப்பவர் வாராவாரம் கடையில் பருப்பு வாங்கி ஆட்டுவார். சீசன் முடிந்து விலை ஏறும்போது அவர் எண்ணெய் விலையை ஏற்ற முடியாமல் தடுமாறுவார்.

வாங்கும் மாதமும் முக்கியம். ஆடிப் பட்டத்து மானாவாரிக் கடலை ஐப்பசி, கார்த்திகையில், மழைக்கு நடுவில் பிடுங்கப்படும். என் மச்சான் முதல் வருடம் அந்தக் கடலையை விலை குறைவு என்று மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினார். மேலே காய்ந்திருந்தது, உள்ளே ஈரம். மார்கழிக்குள் பருப்பில் பச்சைப் பூஞ்சாணம். அந்தப் பூஞ்சாணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு. வெயிலில் போட்டு எடுத்தாலும் போகாது, புண்ணாக்கு வழியாக மாட்டுக்கும் போகும், பாலுக்கும் வரும். அவர் அந்தச் சரக்கை ஆட்டவில்லை, நட்டத்தை ஏற்றுக்கொண்டார். இப்போது இறவைக் கடலையைச் சித்திரை வெயிலில் வாங்குகிறார். ஈரம் எட்டு சதவீதத்துக்குக் கீழே இருந்தால்தான் மூட்டை கட்டுகிறார். ஈரமானி வாங்கிய பணம் முதல் வருடத்திலேயே திரும்பிவிட்டது என்கிறார்.

புண்ணாக்கை மறந்துவிடாதீர்கள். 50 கிலோ ஆட்டினால் ஏறத்தாழ 30 கிலோ புண்ணாக்கு. பால்மாடு வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருந்தால் அது ரொக்கம். பல இடங்களில் எண்ணெயில் செலவு அடங்கி, புண்ணாக்கில்தான் லாபம் நிற்கிறது.

சரக்கில் எட்டுப் பத்து லட்சம் போட்டு வைக்கத் தெம்பு உள்ளவருக்கு, வீட்டில் இரண்டு பேர் மட்டும் இருப்பவருக்கு, செக்குதான் பொருந்தும். ஊரில் பத்துப் பேருக்கு வேலை கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் இது அதைச் செய்யாது.

## பலகாரம்

தேன்குழல், கைமுறுக்கு, அதிரசம், சீப்புச் சீடை, மாவுருண்டை, மணகோலம். இவற்றுக்கு மாவும் எண்ணெயும் வெல்லமும் எங்கும் கிடைக்கும். கிடைக்காதது கை. கைமுறுக்கைச் சுற்றும் விரல்கள் அறுபது வயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. அதிரசப் பாகு பதம் ஒரு விநாடி தவறினால் மாவு முழுக்கப் போய்விடும். அந்தப் பதத்தை எடை போட்டு, வெப்பமானி வைத்து எழுதிவைத்திருக்கும் கொட்டகைகளை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். மற்ற இடங்களில் அது ஓர் ஆச்சியின் கண்ணில்தான் இருக்கிறது. அவர் மகள் வீட்டுக்குப் போனால் அந்த வாரம் அதிரசம் கிடையாது.

இதனால் நான் எழுதும் பலகாரத் திட்டங்களில் இப்போது ஒரு செலவைத் தனியாகச் சேர்க்கிறேன்: பழகுநர் கூலி. கைதேர்ந்த ஒருவருக்குப் பக்கத்தில் இளையவர் ஒருவரை ஆறு மாதம் உட்கார வைக்க வேண்டும். அந்த ஆறு மாதமும் அவர் சுற்றும் முறுக்கில் பாதி உடைசலாகத்தான் போகும். அதைச் செலவு என்று ஒத்துக்கொண்டு எழுதாதவர்கள் மூன்றாவது வருடத்தில் ஆள் இல்லாமல் நிற்கிறார்கள்.

மாதக் கணக்கில் ஒரு மோதல் இருக்கிறது. தீபாவளி ஐப்பசியில், களையெடுப்பும் ஐப்பசியில். இரண்டுக்கும் அதே பெண்கள். நண்பர் இதற்கு ஒரு வழி கண்டார். கெட்டுப்போகாத மாவு வேலைகளையும் பொட்டல வேலைகளையும் புரட்டாசிக்குள் முடித்துவிட்டு, ஐப்பசியில் சுடும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டார். வயலுக்குப் போக வேண்டியவர்கள் மாற்று நாளில் வரலாம் என்றும் சொன்னார். ஆடியில் திருமணம் இல்லாததால் வருமானம் சுருங்கும். அந்த மாதத்துக்கான கூலியைச் சித்திரை, வைகாசி லாபத்தில் எடுத்து வைத்தால், ஆவணி பிறக்கும்போது ஆட்கள் உங்களோடு இருப்பார்கள்.

கண்ணுக்குத் தெரியாத செலவு எண்ணெய். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் கெட்டதைக் காட்டுபவை) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் எண்ணெய்ச் செலவு நீங்கள் நினைத்ததைவிடக் கூடும். அடுப்புச் சூட்டில் நாள் முழுக்க நிற்பவருக்குக் காற்றோட்டமும் நடுவில் ஓய்வும் கொடுப்பதும் செலவில் எழுத வேண்டியதுதான்.

கையில் முதலீடு குறைவு, ஊரில் பழகிய பெண்கள் இருக்கிறார்கள், காரைக்குடியிலோ பிள்ளையார்பட்டிச் சாலையிலோ விற்க ஒரு கடை கையில் இருக்கிறது என்றால் இதைவிட நல்ல தொழில் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் பள்ளி போய் வரும் நேரத்துக்குள் வேலையை அடக்க முடிவது இதில்தான்.

## மிளகாய், மசாலாப் பொடி

இளையான்குடிப் பக்கமும் ராமநாதபுரத்திலும் குண்டு மிளகாய் விளைகிறது, முண்டு என்றும் சொல்வார்கள். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சிவகங்கை அருகே நறுமணப் பொருள் வாரியத்தின் பூங்காவும் இருக்கிறது. மிளகாய் வரும் மாதங்கள் மாசி முதல் சித்திரை வரை, பெரும்பாலும் வயலில் வேலை குறைந்த காலம். காம்பு கிள்ளும் வேலையைப் பெண்கள் வீட்டிலேயே, கிலோ கணக்கில் செய்யலாம். ஆள், மாதம் இரண்டிலும் நன்றாகப் பொருந்தும் தொழில்.

ஆனால் சந்தை கடினம். மிளகாய்த்தூளில் பெரிய நிறுவனங்களின் விலைக்கு நீங்கள் இறங்க முடியாது. செட்டிநாட்டு மசாலா என்று போனால், கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ எதுவும் இங்கே விளைவதில்லை. வாங்கித்தான் ஆக வேண்டும். மண் தரையில் காயவைத்த மிளகாயிலும் கடலைக்குச் சொன்ன அதே பூஞ்சாண நஞ்சு வரும். தார்ப்பாய் விரித்தோ சிமெண்டுக் களத்திலோ காயவைக்கும் விவசாயியைத் தேடிப் பிடித்து, கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்து வாங்குங்கள். சரக்கு பழசானால் நிறம் மங்கும், குளிர்கிடங்கு வாடகை தனி. அரைக்கும் அறையில் தூசி உறிஞ்சி கட்டாயம். அதைத் தவிர்த்துவிட்டு ஆட்களை இருமலோடு வீட்டுக்கு அனுப்புவது எனக்கு ஏற்பில்லை.

விவசாயிகள் பத்துப் பேர் குழுவாகச் சேர்ந்திருந்தால், அல்லது உணவகங்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் தொடர்பு இருந்தால் இறங்கலாம். தனி ஆளாக, கடைகளில் பொட்டலம் வைத்து விற்கும் எண்ணத்தோடு என்றால் வேண்டாம் என்றே சொல்வேன்.

## தென்னை நார்

சிங்கம்புணரி இதற்குப் பழைய ஊர். மட்டை உண்டு, வியாபாரம் தெரிந்தவர்கள் உண்டு. ஆயிரம் மட்டையில் 80 முதல் 100 கிலோ நார் கிடைக்கும், அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நார்த்தூள் விழும். ஒரு காலத்தில் குப்பையாகக் குவிந்த அந்தத் தூள்தான் இன்று செடி வளர்க்கும் கட்டிகளாகக் கப்பல் ஏறுகிறது.

பணம் அங்கே இருக்கிறது, சிக்கலும் அங்கேதான். ஏற்றுமதிக்கு உப்புப் போகக் கழுவ வேண்டும், அதற்கு ஏராளமான நல்ல தண்ணீர் வேண்டும். கண்மாயை நம்பி வாழும் ஊரில், கோடையில் உங்கள் மோட்டார் ஓடும்போது அண்டை வீட்டுக் கிணறு இறங்கினால் தொழிலும் நிலைக்காது, உறவும் நிலைக்காது. தமிழ்நாட்டில் 2021-இல் நார்த் தொழில் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாசு மிகக் குறைந்த வெள்ளைப் பிரிவிலிருந்து, மாசு கூடிய ஆரஞ்சுப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. அனுமதியை முதலிலேயே விசாரித்துவிடுங்கள். உலர்த்தும் களத்துக்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். மட்டை தூக்கும் வேலைக்கு உள்ளூர் ஆண்கள் வருவது அரிது. வடமாநிலத் தொழிலாளர்களை வைத்தால் தங்குமிடமும் கழிப்பறையும் உங்கள் பொறுப்பு. பதினைந்து லட்சத்தில் இதை முழுதாகச் செய்ய முடியாது.

செய்ய முடிந்தது கயிறு. நாரை விலைக்கு வாங்கி, ராட்டில் திரித்து விற்பது. தண்ணீர் வேண்டாம், வீட்டு நிழலில் செய்யலாம், பெண்கள் தங்கள் நேரத்துக்கு வரலாம். கூலி குறைவாகத்தான் நிற்கும், ஆனால் தொழில் ஆட்டம் காணாது.

ஆத்தங்குடி தரைக்கல், கண்டாங்கிச் சேலை நெசவு, பனையோலைக் கொட்டான் (கூடை) ஆகியவற்றையும் சிலர் கேட்கிறார்கள். இவை கைவழி வந்த தொழில்கள். ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் குடும்பத்தோடு கூட்டுச் சேர்ந்து விற்பனையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தக் குறியீட்டின் பலனை நெய்பவருக்குக் கூலியாகத் திருப்பித் தரும் விற்பனையாளர்கள் இன்னும் தேவை.

## கடனும் மானியமும், படித்தவர்களின் உதவியும்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்டம் போடலாம். கிராமப்புறத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீதம், பெண்கள் உள்ளிட்ட சிறப்புப் பிரிவுகளுக்கு 35 சதவீதம் மானியம். உணவுத் தொழிலுக்கு, குறு உணவுப் பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம். இன்றைய நிலவரத்தை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு: இந்த மானியம் கையில் வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாகக் கிடந்து, பிறகு கடனில் கழியும். அதை நம்பிக் கடலை வாங்கத் திட்டம் போடாதீர்கள்.

அப்புறம், இந்த மண்ணில் ஆய்வுக்கூடத்துக்குக் குறைவில்லை. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்து, 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இங்கே இருக்கிறது. குன்றக்குடி அடிகளார் அதன் விஞ்ஞானிகளை ஊருக்குள் அழைத்துவந்து, கிராமத் திட்டக் குழு அமைத்து, எந்த வீட்டில் யார் என்ன வேலை செய்ய முடியும் என்பதிலிருந்து தொழில்களை யோசித்தார். இன்று குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, செட்டிநாட்டில் வேளாண் கல்லூரியும் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. ஈரம் பார்க்க, பயிற்சி பெற, ரகம் கேட்க நேரில் போங்கள். போனவர்களுக்குப் பதில் கிடைத்திருக்கிறது.

## கேட்ட மூவருக்கும் நான் சொன்னது

கல்லல்காரர் கையில் பதினெட்டு லட்சம், வீட்டில் அவரும் அண்ணன் மகனும் மட்டும். செக்குப் போடச் சொன்னேன். ஒரே செக்கில் தொடங்கி, பத்து லட்சத்தைத் தொடாமல் சித்திரைக் கடலைக்கு வைக்கும்படி சொன்னேன்.

திருப்பூரிலிருந்து வந்தவர்கள் பொட்டலம் போடுவது, கணக்கு, அனுப்புவது எல்லாம் தெரிந்தவர்கள். அந்தப் பெண்ணின் அத்தை முப்பது வருடம் பலகாரம் சுட்டவர். அவர்களுக்குப் பலகாரம்தான். பூர்வீக வீட்டை விட்டுவிட்டுச் சாலை ஓரம் சின்ன வாடகைக் கட்டடம் பார்க்கச் சொன்னேன்.

ஆசிரியை மிளகாய்ப் பொடி என்று முடிவோடு வந்தார். அவருக்கு விற்கும் தொடர்பு இல்லை, நிலத்தில் மிளகாயும் இல்லை. ஊரில் அவரிடம் படித்தவர்கள் நிறையப் பேர் என்றார். யார் எந்த நேரத்துக்கு வர முடியும் என்று முதலில் எழுதிப் பாருங்கள், தொழிலை அப்புறம் முடிவு செய்யலாம் என்றேன். வீடு வீடாகப் போய் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறார். போன வாரம் தொலைபேசியில் சொன்னார்: பதினொரு பெயர், அதில் எட்டுப் பேர் மூன்றரைக்கு மேல் இருக்க முடியாது, இரண்டு பேருக்குக் கயிறு திரிக்கத் தெரியும்.